எம்டன் குண்டும் வ.வே.சு. ஐயரும்

என் ஊரான சேரன்மகாதேவியில் 1922-இல் தமிழ்க் குருகுலம் கண்ட வ.வே.சு. ஐயர், 1881-இல் வரகனேரியில் பிறந்தார். இலண்டனில் சட்டம் பயின்று புரட்சியாளராகி, 1910-இல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார்.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் மாகாணத் தலைநகராம் சென்னைமீது குண்டு பொழிந்தது. எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன; மக்கள் ஊரைவிட்டு ஓடினர். பழியோ புதுவையிலிருந்த விடுதலை வீரர்மீது விழுந்தது. அவர்களை ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்த ஆங்கில அரசு முயன்றது. அந்நிலையில் ஐயர் செய்ததென்ன? திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்!

அத்தகையவர், குருகுலத்தில் இரு மாணவர்க்குத் தனிப்பந்தி அனுமதித்து, அதனால் எழுந்த பூசலில் 1925-இல் பொறுப்பைத் துறந்தார். அவ்வாண்டு ஜூன் 3 அன்று, பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகளைக் காக்கப் பாய்ந்து மறைந்தார்.

பொருநையில் நீராடும்போதெல்லாம் எண்ணுகிறேன்: குண்டுக்குக் கலங்காதவர் பந்தியில் தோற்றார். அப்பந்தியை நாமாவது நேர்செய்தோமா, தோழர்களே?