இல்லறத்தில் மலர்ந்த புனிதம்
முத்திப்பேறு பெற்ற அன்னா மரிய தாயிகி அம்மையார்



நம் ஆலயங்களில் உள்ள சுரூபங்களைப் பாருங்கள். ஒருவர் கையில் குருத்தோலை, அவர் வேதசாட்சி. மற்றவர் கையில் லீலி மலர், அவர் கன்னியர். கையில் அகப்பையுடன், பேரப்பிள்ளைகள் சூழ நிற்கும் ஒரு பாட்டியின் சுரூபத்தை நாம் அதிகம் கண்டதில்லை. ஆகவே புனிதம் என்பது துறவற மடங்களுக்கே உரியது, குடும்பத்தாருக்கு எட்டாதது என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் தவறு என்பதற்கு உரோமாபுரியில் வாழ்ந்த ஓர் ஏழைத் தாயே சாட்சி.

அன்னா மரியா 1769 மே 29 அன்று இத்தாலி நாட்டின் சியென்னா நகரில் பிறந்தார். தந்தை மருந்துக்கடை வைத்திருந்தவர். தொழில் நொடித்துக் கடன் ஏறியதால், பெற்றோர் ஆறு வயதுச் சிறுமியுடன் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கால்நடையாக நடந்து, பிழைப்புத் தேடி உரோமைக்கு வந்தார்கள். சொந்த ஊரை விட்டு, மூட்டை முடிச்சுகளோடு ஓசூர் சிப்காட் பகுதிக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கதை புதிதல்ல. அங்கே பெற்றோர் பிறர் வீடுகளில் வேலை செய்தார்கள். சிறுமி கன்னியர் நடத்திய பள்ளியில் சிறிது காலமே படித்தார். வாசிக்கக் கற்றார்; எழுதச் சரியாகக் கற்கவில்லை. பின்னர் பட்டு நூல் சுற்றும் வேலைக்கும், வீட்டு வேலைக்கும் போனார்.

இருபது வயதளவில் தோமினிக்கோ தாயிகி என்பவரை மணந்தார். அவர் கீஜி பிரபுவின் மாளிகையில் பணியாள். நேர்மையானவர், பக்தியுள்ளவர், ஆனால் முன்கோபி. மணமான புதிதில் அன்னா மரியாவுக்கு நல்ல உடையிலும் நகையிலும் வேடிக்கைகளிலும் ஆசை இருந்தது. நாளடைவில் உள்ளத்தில் ஓர் அமைதியின்மை எழுந்தது. ஊழியர் சபைக் குருவான ஆஞ்சலோ வெரார்தி சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்து புது வாழ்வு தொடங்கினார். 1808-ஆம் ஆண்டு, கணவரின் சம்மதத்துடன், பரிசுத்த தமதிரித்துவ சபையின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். அதற்காக அவர் வீட்டை விட்டுப் போகவில்லை. வீடே அவருடைய மடமாயிற்று.

அந்த வீடு அமைதியான வீடன்று. ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள். மூவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். வயதான பெற்றோரும் அவரோடுதான் இருந்தார்கள். தாயார் சிடுசிடுப்பானவர்; தந்தையோ நோயாளி. இருவரையும் கடைசிவரை தம் கையால் பராமரித்தார். மகன் ஒருவன் மணமுடித்து மனைவியோடு சில காலம் அங்கே தங்கினான். அந்த மருமகள் வீட்டு அதிகாரம் தனக்கே வேண்டும் என்று சச்சரவு செய்தாள். அன்னா மரியா எதிர்த்துப் பேசவில்லை, அழவுமில்லை. பேச வேண்டிய வேளையில் பேசி, மௌனம் வேண்டிய வேளையில் மௌனம் காத்து, அந்தக் கூட்டத்தை ஒரு குடும்பமாகக் கட்டிக் காத்தார். காலையில் திருப்பலி, மாலையில் எல்லோரும் கூடிச் செபமாலை, இதில் மாற்றமில்லை.

பிரெஞ்சுப் படைகள் உரோமையைப் பிடித்து, 1809-இல் பாப்பரசர் ஏழாம் பத்திநாதரைச் சிறைகொண்டு போன கொடிய காலத்தையும் அந்தக் குடும்பம் கடந்தது. கையில் காசில்லாதபோது அம்மையார் இரவில் கண்விழித்துத் துணியும் காலணியும் தைத்துப் பிள்ளைகளுக்குச் சோறிட்டார். அதற்குள்ளும் ஏழைகளுக்கு ஒரு பங்கு வைத்தார். இறைவன் அவருக்கு அபூர்வமான ஞான ஒளியை அருளியிருந்தார். ஆகவே ஆயர்களும், கர்தினால்மார்களும், அரச குடும்பத்தாரும் அவரிடம் ஆலோசனை கேட்க அந்தச் சிறு வீட்டைத் தேடி வந்தார்கள். அவர்கள் கொடுக்க முன்வந்த பொன்னையும் பொருளையும் அவர் ஏற்கவில்லை. வந்திருப்பவர் எத்தனை பெரியவராயினும், கணவர் வேலை முடிந்து வீடு திரும்பினால், பேச்சை நிறுத்திவிட்டு அவரைக் கவனிக்க எழுந்துவிடுவார்.

முதுமையில் மற்றொரு சிலுவை வந்தது. மகள் சோபியா விதவையாகி, ஆறு பிள்ளைகளோடு தாய் வீடு திரும்பினாள். உடல் தளர்ந்து நோயுற்றிருந்த பாட்டி, பாரம் என்று முகம் சுளிக்கவில்லை. மகளைத் தேற்றி, பேரப்பிள்ளைகளுக்குச் சோறும் ஊட்டினார். செபமும் சொல்லிக் கொடுத்தார். பல மாதம் படுக்கையில் துன்புற்று, 1837 சூன் 9 அன்று தம் 68-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

பின்னர் அவருடைய புண்ணிய வாழ்வைப் பற்றித் திருச்சபை விசாரணை தொடங்கியது. அப்போது சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர் அவருடைய கணவர் தோமினிக்கோ. தொண்ணூறு வயதைத் தாண்டிய கிழவர். தாம் களைத்தும் கோபித்தும் வீடு வந்த நாட்களிலெல்லாம் மனைவியின் முகத்தைக் கண்டதும் மனம் ஆறியதாகவும், அத்தகைய துணைவியை உலகெல்லாம் தேடினாலும் காண முடியாது என்றும் அவர் அறிவித்தார். 1920 மே 30 அன்று பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பர் அன்னா மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அவருடைய திருவுடல் உரோமையில் புனித கிரிசோகோனு ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பிரியமானவர்களே, இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. கோவிலில் நம்மைக் காண்பவர்கள் நம்மைப் பக்தியுள்ளவர்கள் என்று சொல்லலாம். அது எளிது. ஒரே கூரையின் கீழ் நாற்பத்தேழு ஆண்டுகள் நம் பசியையும் நோயையும் கோபத்தையும் பார்த்தவர் நம்மைப்பற்றி என்ன சொல்வார்? அதுதான் பெரிய சாட்சியம்.

நம் பங்கிலும், மகனும் மருமகளும் ஷிப்டு வேலைக்குப் போனபின், ஒரே அறையுள்ள லைன் வீட்டில் பேரப்பிள்ளையை மடியில் வைத்து, சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுக்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். யூபிலி காணும் நம் பங்கின் விசுவாசத்தைக் கட்டியெழுப்பியவர்களில் அவர்களும் உண்டு. எந்தக் கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இராது. மூலையில் ஒரு பாயும் ஒரு வாய்ச் சோறும் தந்தால் போதும் என்று அவர்களை ஒதுக்கிவிட வேண்டாம். அவர்களோடு அமர்ந்து மாலைச் செபமாலை சொல்லுங்கள். குடும்பத் தாய்மாரே, உங்கள் அடுப்படியும் இறைவன் உறையும் இடமே. முத்திப்பேறு பெற்ற அன்னா மரியா நம் குடும்பங்களுக்காக மன்றாடுவாராக.