கணவர் பெயரால் ஒரு பெண்பாடசாலை: ரொக்கேயா அம்மையார் சரித்திரம்

இறந்தோரை நினைந்து உறவினர் செய்யும் தருமங்கள் நம் நாட்டிற் பலவகைப்படுவன. கேணி தோண்டுவித்தோரும், மடம் கட்டுவித்தோரும், வழிப்போக்கர் பொருட்டுச் சுமைதாங்கி நிறுத்தினோரும், கால்நடைகளுக்கு ஆவுரோஞ்சிக்கல் நட்டோரும் நம் முன்னோருள் உளர். கணவரை இழந்த பெண்மணி ஒருவர் அவர் பெயரால் ஒரு பெண்பாடசாலையைத் தாபித்து, அதனை வளர்த்தலையே தம் வாழ்நாட் கடனெனக் கொண்டு இருபத்துமூன்று ஆண்டு உழைத்த வரலாறு ஈண்டுச் சொல்லப்படுகின்றது. அவர் வங்காளத்து முஸ்லிம் குலத்தவர். சமயத்தால் நம்மின் வேறாயினும், பாடசாலை நடத்துவோர் படும் பாடு எல்லார்க்கும் ஒன்றேயாதலின், ஆசிரியர்களாகிய நம்மவர் அவர் சரித்திரத்தை அறிதல் தகும்.

ரொக்கேயா அம்மையார் 1880ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ஆந் தேதி பைராபந்து என்னுங் கிராமத்திற் பிறந்தார். அக்கிராமம் ரங்பூர்ப் பகுதியைச் சேர்ந்தது. இப்பொழுது வங்காளதேசத்தில் உள்ளது. தந்தையார் பெருநிலக்கிழார். ஆண்மக்கள் இருவரையுங் கல்கத்தாவுக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி பயிற்றுவித்த அவர், பெண்மக்களை வீட்டின் உட்கட்டுக்குள்ளேயே இருத்தினார். குரானை ஓதுதற்கு வேண்டும் அரபு எழுத்தும், சிறிது உருதுவும் பெண்களுக்குப் போதுமென்பது அக்குடியின் வழக்கு. வங்காளியும் ஆங்கிலமும் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. கோஷாவின் கடுமையோ சொல்லுந்தரமன்று. ஐந்து வயதுச் சிறுமியாயிருந்தபொழுதே, வீட்டுக்குப் புதிதாய் வரும் பெண்களின் கண்ணிலும் படலாகாதென்று, அடுக்களை மூலையிலும் கட்டிலின் கீழும் ஓடி ஒளிக்க வேண்டியிருந்ததென்று அம்மையார் பிற்காலத்து எழுதிவைத்துள்ளார்.

இந்த இருட்டில் அவருக்கு விளக்குப் பிடித்தவர் இருவர். ஒருவர் தமக்கையார் கரீமுன்னிசா. இவர் வங்காளி நூல்களை மறைவிற் படித்து, அது வெளிப்பட்டமையால் இளவயதிலேயே மணஞ்செய்து கொடுக்கப்பட்டவர். மற்றவர் தமையனார் இபுராகீம் சாபர். வீட்டார் யாவரும் உறங்கிய பின்னர், மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்துக்கொண்டு இவர் தங்கைக்கு ஆங்கிலங் கற்பித்தார். பாடசாலை வாயிலை மாணாக்கியாக ஒருநாளேனும் மிதியாத ஒருவர், பின்னாளிற் பாடசாலைத் தலைவியாய் விளங்கியதற்கு அந்த நள்ளிரவுப் பாடங்களே அடிப்படையாயின. அம்மையார் அக்கடனை மறந்தாரல்லர். தாம் இயற்றிய பத்மராகம் என்னும் நாவலைத் தமையனாருக்கும், மோத்திசூர் என்னுங் கட்டுரை நூலின் இரண்டாம் பாகத்தைத் தமக்கையாருக்கும் உரிமையாக்கினார்.

பதின்ம வயது கழியுமுன்னரே அவருக்கு விவாகம் நடந்தது. கணவர் பாகல்பூரைச் சேர்ந்த சையது சகாவத்து உசேன் என்பவர். டிப்டி மாஜிஸ்திரேட்டு உத்தியோகம் வகித்தவர். உருது பேசுங் குடும்பத்தினர். முதல் மனைவியை இழந்தவர். அம்மனைவியிடத்து ஒரு பெண்மகவுடையவர். வயதில் மனைவியினும் மிக மூத்தவர். இத்தகைய மணத்தில் இளம்பெண் ஒருத்தி என்ன சுகத்தைக் காண்பாள் என்று நாம் ஐயுறுதல் இயல்பே. ஆனால் நிகழ்ந்தது வேறு. சகாவத்தார் இங்கிலாந்து சென்று வந்தவர்; கல்வியின் அருமையை உணர்ந்தவர். தமையனார் தொடங்கிய ஆங்கிலப் பயிற்சியை அவர் தொடர்ந்து நடத்தியதுமன்றி, எழுதுக என்றும் மனைவியைத் தூண்டினார்.

ஒருமுறை அவர் உத்தியோக காரியமாய்ச் சுற்றுப்பிரயாணஞ் சென்றிருந்த காலத்து, அம்மையார் பொழுதுபோக்காகவும், தம் ஆங்கிலத் தேர்ச்சியைக் கணவருக்குக் காட்டும் பொருட்டும், சுல்தானாவின் கனவு என்னும் ஒரு கதையை ஆங்கிலத்திலே எழுதினார். ஆடவர் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, மாதர் சூரிய வெப்பத்தையும் மேகத்து நீரையுங் கருவிகளால் வசப்படுத்தி நாட்டை ஆளும் ஓர் உலகத்தைக் கூறுவது அக்கதை. திரும்பி வந்த கணவர் நின்றபடியே அதனை முற்றும் வாசித்து முடித்து, ஆடவரினத்தின்மேல் எடுத்த கடும்பழி இஃதென வியந்தாராம். அக்கதை 1905ஆம் ஆண்டில் அச்சேறியது சென்னையில் என்பதை நம்மவர் குறித்துக்கொள்ளுதல் நன்று. கமலா சத்தியநாதன் அம்மையார் அங்கே நடத்திவந்த இந்திய மாதர் சஞ்சிகையே அதனை முதலில் வெளியிட்டது.

இல்லற இன்பம் நெடிது நிலைக்கவில்லை. பிறந்த பெண்மக்கள் இருவரும் சில மாதங்களே இருந்து இறந்தனர். சகாவத்தாரோ நீரிழிவுநோய்ப்பட்டுக் கண்பார்வையும் இழந்தார். அவருக்கு அருகிருந்து பணிவிடை புரிதலே அம்மையாருக்கு நாடோறுந் தொழிலாயிற்று. 1909ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் தேதி அவர் உயிர் நீத்தார். அம்மையாருக்கு அப்பொழுது வயது இருபத்தெட்டு. மக்களுமில்லை, கணவருமில்லை. ஆனால் சகாவத்தார் இறக்குமுன்னரே ஒரு காரியஞ் செய்து வைத்திருந்தார். முஸ்லிம் பெண்களின் கல்விக்கென்று பதினாயிரம் ரூபா தனியே ஒதுக்கியிருந்தார். கைம்பெண்ணாகிய மனைவி அழுதுகொண்டு மூலையில் இராவண்ணம் அவர் விட்டுச்சென்ற ஏவல் அதுவென்றே நாம் கருதுகின்றோம்.

ஐந்து மாதங் கழியுமுன்னரே, 1909ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1ஆந் தேதி, பாகல்பூரிற் சகாவத்து ஞாபகார்த்தப் பெண்பாடசாலை தொடங்கப்பட்டது. மாணாக்கியர் ஐவர். ஐந்து பெயர் எழுதிய இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆறாவது பிள்ளை எந்நாள் வருமோ என்று வாயிலைப் பார்த்திருந்த உபாத்தியாயர்கள் நம்முள்ளும் உளர். அவர்களுக்கு இவ்விடத்து விரித்துரைக்க வேண்டுவதில்லை. சிறிதாயினும் தொடங்கிய அப்பாடசாலையையும் நடத்த விடாமற் குடும்பத்துள்ளே வழக்குப் புகுந்தது. கணவரின் முதல் மனைவியின் மகளும் அவர் பக்கத்தவரும் சொத்துக் காரணமாய் மாறுபட, அம்மையார் பாகல்பூரில் இருத்தல் அரிதாயிற்று. வீட்டையும் ஊரையுந் துறந்து கல்கத்தா சேர்ந்தார். கணவர் பெயரை மாத்திரம் அவர் விட்டுவரவில்லை. 1911ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16ஆந் தேதி, அந்நகரத்து வலியுல்லா சந்தில் ஒரு வாடகை வீட்டில், எட்டு மாணாக்கியரோடு, அதே பெயரால் அப்பாடசாலை மீண்டுந் திறக்கப்பட்டது.

இதன்மேலும் ஓரிடி விழுந்தது. பணம் இட்டிருந்த பர்மா வங்கி முறிந்துபோயிற்று. கணவர் ஞாபகமாய்க் கையிலிருந்த முதற்பொருளே போயிற்று. இத்துணையுங் கண்டபின் பாடசாலையை மூடிவிட்டிருந்தால் யாரும் அவரைக் குறைகூறியிரார். அம்மையாரோ வீடுவீடாய்ச் சென்று தாய்தந்தையரை இரந்து பிள்ளைகளைச் சேர்த்தார். தம் கைப்பொருளையும் பாடசாலைக்கே செலவிட்டார். 1915ஆம் ஆண்டளவில் மாணாக்கியர் தொகை எண்பத்துநான்காயிற்று.

தாம் பாடசாலையிற் படியாதவராகலின், பாடசாலை என்பது எவ்வாறு நடைபெறுவது என்பதையும் அவர் புதிதாகவே கற்க வேண்டியிருந்தது. கல்கத்தாவிலிருந்த பிற பெண்பாடசாலைகளுக்குச் சென்று, வகுப்பு நடக்கும் முறையையும் ஒழுங்கையும் அமர்ந்து பார்த்தறிந்து, அவற்றைத் தம் பாடசாலையிற் கைக்கொண்டார். தலைமை ஆசிரியை ஒருவர் வேறொரு பாடசாலையிற் சென்று பின்வரிசையிலிருந்து பார்த்தலை இழுக்கெனக் கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக. குரான், வங்காளி, ஆங்கிலம், உருது, பாரசீகம் என்பவற்றோடு, தையல், சமையல், நோயாளரைப் பேணுதல், முதலுதவி, தேகாப்பியாசம் முதலியனவும் அங்கே கற்பிக்கப்பட்டன. தேகாப்பியாசம் பெண்களுக்கோ என்று எழுந்த முணுமுணுப்பை அவர் பொருட்படுத்தவில்லை.

பயிற்சி பெற்ற முஸ்லிம் ஆசிரியைகள் கல்கத்தாவிற் கிடைப்பது அருமையாயிருந்தது. ஆதலால் அம்மையார் ஆக்கிராவிலிருந்தும், கயாவிலிருந்தும், நம் சென்னையிலிருந்தும் ஆசிரியைகளை வரவழைத்தார். எத்தனை நாள் இவ்வாறு தூரதேசத்தாரை எதிர்பார்த்திருத்தல் என்று எண்ணி, ஆசிரியைகளைப் பயிற்றும் ஒரு கலாசாலை வேண்டுமென அரசினரை இடைவிடாது கேட்டுவந்தார். 1919ஆம் ஆண்டில் முஸ்லிம் மாதர்க்கான ஆசிரியப் பயிற்சிப் பாடசாலை ஒன்றை அரசினர் கல்கத்தாவிலே தொடக்கினர். ஒரு பாடசாலையின் குறையை நிறைக்கப் புகுந்தவர், ஒரு நாட்டின் குறையை நிறைக்கும் வழியைக் காட்டினார்.

மாணாக்கியரைப் பாடசாலைக்குக் கொண்டுவரும் வண்டியின் கதை தனியே சொல்லத்தக்கது. கோஷா தவறாமற் பிள்ளைகளை அழைத்துவந்தாலன்றிப் பெற்றோர் அனுப்பார். ஆதலின் நாற்புறமும் அடைபட்ட மோட்டார் வண்டி ஒன்று செய்விக்கப்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகுதற்குப் பெயருக்கு ஒரு சிறு வலை மாத்திரம் இருந்தது. அவ்வண்டி ஓடிய முதல்நாளிலே, இருட்டிற்கும் வெப்பத்திற்கும் ஆற்றாமற் சில பிள்ளைகள் அழுதன, சில வாந்தியெடுத்தன, சில மயங்கி விழுந்தன. வண்டியைப் பார்த்த ஒருவர் அதனை ஓடும் இருட்டறை என்று இகழ்ந்தார். அதன்பின் வண்டியின் அடைப்புத் திறக்கப்பட்டுத் திரைச்சீலை தொங்கவிடப்பட்டது. அவ்வளவில், காற்றடிக்குந்தோறுந் திரை விலகிப் பிள்ளைகள் வெளியே தெரிகின்றார்களென்றும், இதனைத் திருத்தாவிடிற் பத்திரிகைகளில் எழுதிப் பாடசாலையைப் பழிப்போமென்றுங் கடிதங்கள் வந்தன. மூடினாற் பிள்ளைக்குத் துன்பம். திறந்தாற் பாடசாலைக்குத் துன்பம். இதனை அம்மையார் 1931ஆம் ஆண்டில் நூலாய் வெளிவந்த அவரோதவாசினி என்னுங் கோஷாக் கதைத் திரட்டின் முடிவில், நகையும் அழுகையும் விரவ எழுதியுள்ளார்.

இங்கே ஒன்று கூறல் வேண்டும். கோஷாவின் கொடுமையை அவரைப்போல் எழுத்திற் சாடியவர் அக்காலத்து வங்காளத்திற் சிலரே. எனினும் வெளியே செல்லுங்கால் அவர் தாமே முக்காடு அணிந்து சென்றார். தாய்மொழியாகிய வங்காளியின்மேல் அளவிறந்த பற்றுடையவர். ஆயினும் நகரத்து உயர்குடி முஸ்லிம்கள் உருதுவையே விரும்பினமையால், பாடசாலையை உருதுவிலேயே நடத்தினார். வங்காளிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியும் பிள்ளைகள் வாராமையால் அதனை ஒருமுறை மூட நேர்ந்தது. எழுதுவதொன்று செய்வதொன்று என அவரைக் குறைகூறுவார் உண்டு. அக்குறையை யாம் ஒப்போம். எழுத்து அவருக்கே சொந்தம். அதனை எவர்க்கும் அஞ்சாது எழுதினார். பாடசாலையோ பிறர் பெற்ற பிள்ளைகளால் நிலைப்பது. அதன்மேற் கணவர் பெயரும் இருந்தது. தம் முக்காட்டை எறிந்துவிட்டால் மறுநாளே எத்தனை இருக்கைகள் வெறுமையாகும் என்பதை அவர் எண்ணியிருந்தார். அவர் கொடுத்த விலை சிறிதன்று. வேறு சில குறைகளும் அவர் வழியில் இருந்தன. ஏழைக் குடிப்பெண்களுக்கு அப்பாடசாலை பெரிதும் எட்டவில்லை என்பது மெய்யே. ஆனால் 1916ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய முஸ்லிம் மாதர் சங்கம், கைம்பெண்களுக்கும் எளிய குடிப்பெண்களுக்கும் உதவி புரிந்து அக்குறையை ஒருவாறு நிரப்பியது.

1926ஆம் ஆண்டிற் கல்கத்தாவிலே கூடிய வங்காளப் பெண்கல்வி மகாநாட்டிற்கு அம்மையார் தலைமை வகித்தார். 1930ஆம் ஆண்டளவில் அவர் பாடசாலை பத்து வகுப்புகளுங் கொண்ட உயர்தரப் பாடசாலை ஆயிற்று. எட்டுப் பிள்ளைகளோடு திறந்ததை அங்ஙனம் ஆக்குதற்கு இருபதாண்டு சென்றது. இடையிற் பலமுறை வாடகை வீடு மாறியதும், பொருளுதவி தேடி அலைந்ததும், ஊரார் வசைமொழி கேட்டதும் நம்மவர் அறியாதனவல்ல. அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்தெண்ணாது விடுகின்றோம்.

1932ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8ஆந் தேதி இரவு நெடுநேரம் அவர் எழுதிக்கொண்டிருந்தார். பெண்களின் உரிமை பற்றிய கட்டுரை அது, முற்றுப்பெறவில்லை. மறுநாள் விடியற்காலையில், தாம் பிறந்த அதே தேதியில், ஐம்பத்திரண்டு வயது நிரம்பிய அன்றே அவர் உயிர் பிரிந்தது.

பாடசாலை அவரோடு மறையவில்லை. பின்னர் அது அரசினர் வசமாகி, சகாவத்து என்னும் பெயரோடு கல்கத்தாவிலே இன்றும் நடைபெறுகின்றது. வங்காளதேசத்தார் ரங்பூரிலுள்ள தம் பல்கலைக்கழகம் ஒன்றிற்கு 2009ஆம் ஆண்டில் ரொக்கேயா அம்மையார் பெயரை இட்டனர். டிசம்பர் 9ஆந் தேதியை அவர் நாளாகவுங் கொண்டாடுகின்றனர். கல்கத்தாவுக்கு வடக்கே, சோதேபூர் என்னுமிடத்தில் உள்ள ஒரு தோட்டத்தில் அவருடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அந்த அடக்கத்தலம் நெடுங்காலம் அறிவாரின்றிக் கிடந்தது. ஆராய்ச்சியாளர் தேடிக் கண்டபொழுது, அந்நிலம் பானிகாட்டிப் பெண்கள் உயர்தரப் பாடசாலையின் வளவாயிருந்தது. அம்மையார் துயில்கொள்ளும் நிலத்தில் இப்பொழுது மாணாக்கியர் நடமாடுகின்றனர்.