குளத்தை வடித்தவர்களும் கூடை மாட்டியவரும்

அமெரிக்க நாட்டிலே கான்சாஸ் ஒரு மாநிலம். அங்கே லாரன்ஸ் என்றோர் ஊர். அந்த ஊரிலே ஒரு பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்திலே ஒரு நீச்சல் குளம். 1930-களின் நடுவிலே ஒருநாள் அந்தக் குளத்தில் ஒரு மாணவன் இறங்கினான், நீந்தினான், கரையேறினான். அவன் கரையேறிய பின்னர் குளத்து நீரை வடித்துவிட்டார்கள்!

தொற்றுநோய்க்காரனா அவன்? இல்லை. தண்ணீரிலே நஞ்சைக் கலந்தவனா? அதுவும் இல்லை. அவன் தோல் கறுப்பு. குற்றம் அவ்வளவுதான்.

1927-ஆம் ஆண்டு மகாடு நகரத்துக் குளத்திலே அண்ணல் அம்பேத்கரும் அவர் பின்னே வந்தோரும் கையால் அள்ளித் தண்ணீர் குடித்தார்கள் என்பதற்காக, அந்தக் குளத்தைச் சாணத்தாலும் கோமியத்தாலும் 'தூய்மை' செய்த நாட்டிலே பிறந்தவர்கள் நாம். ஆகவே கான்சாஸ் குளத்தின் கதையை நமக்கு எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த மாணவன் பெயர் ஜான் மெக்லெண்டன். விளையாட்டுப் பயிற்சியாளனாகும் படிப்பைப் படிக்க 1933-இல் அங்கே சேர்ந்தவன். பட்டம் பெற வேண்டுமானால் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. நீ குளத்திலே இறங்காதே, இறங்காமலே மதிப்பெண் தந்துவிடுகிறோம் என்று பேரம் பேசினார்கள். அவன் மறுத்துவிட்டான். இலவசமாகக் கிடைக்கும் மதிப்பெண் அவனுக்கு வேண்டாம். கற்றுத் தேர்ந்து பெறும் மதிப்பெண்தான் வேண்டும்! அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னே எழுபது வயதைக் கடந்த ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் துணையாக நின்றார். அவரைப் பற்றித்தான் இன்று நாம் எழுதப் புகுந்தோம். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பது அவர் பெயர். பட்டிதொட்டியிலுள்ள பள்ளிக்கூடங்களிலே கூட இன்று நம் பிள்ளைகள் ஆடுகின்ற கூடைப்பந்து ஆட்டம் இருக்கிறதே, அதை உண்டாக்கியவர்.

அவரைச் செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். 1861-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், கனடா நாட்டில் ஆல்மாண்ட் என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தார். ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிவந்த குடும்பம். ஒன்பது வயது நிரம்புமுன் தாயும் தந்தையும் நச்சுக் காய்ச்சலுக்கு இரையானார்கள். மாமன் வீட்டிலே வளர்ந்தார். பதினைந்து வயதிலே பள்ளியை விட்டு நின்று, காட்டிலே மரம் வெட்டும் கூலியானார். ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் கோடரி பிடித்த கை அது! பிறகு, இருபது வயது வாலிபனாகத் திரும்பி வந்து, தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு அதே பள்ளியில் அமர்ந்து படித்தார். ஆலை வேலை முடிந்து இரவுப் பள்ளிக்குப் போய்வந்த தோழர்கள் நம்மிலே பலர் உண்டு. அந்தப் பெஞ்சிலே உட்காரும்போது உடம்பு எப்படிக் கூசும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

மாண்ட்ரீல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1887-இல் பட்டம் பெற்றார். மதபோதகராவதற்கான படிப்பையும் முடித்தார். ஆனால் போதகர் மேடையைவிட ஆடுகளமே இளைஞரைத் திருத்தும் இடம் என்ற எண்ணம் அவருக்குள்ளே வேர்விட்டிருந்தது. விளையாட்டா? அது சோம்பேறிகளின் வேலை, சைத்தானின் வேலை என்று பக்திமான்கள் முகஞ்சுளித்த காலம். அவர் 1890-இல் எல்லை கடந்து, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குப் போனார். அங்கே ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்திவந்தார்கள். பள்ளிக்கூடம் என்ற சொல்லைக் கேட்டுச் சிறுவர் பள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். உடற்பயிற்சி ஆசிரியரையும் சங்க நிலையங்களை நடத்தும் செயலாளரையும் உருவாக்கும் இடம் அது. வந்தவர்கள் வளர்ந்த ஆண்கள். பட்டம் பெற்றபின் வந்த நெய்ஸ்மித் போன்றவர்களும் அங்கே இருந்தார்கள்.

இங்கே சற்று நிற்போம். விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு படிப்பா, அதற்கு மேற்படிப்பு வேறா என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. நாம் பள்ளியில் படித்த காலத்திலே டிரில் மாஸ்டர் என்றால் நம் நினைவுக்கு வருவது விசில் ஒன்று, பிரம்பு ஒன்று. கணக்கு வாத்தியார் வராத நாளிலே வகுப்பைப் பார்த்துக்கொள்பவர் என்பதுதான் பலர் அவருக்குத் தந்த மதிப்பு. உடலைப் பற்றி ஒன்றுமே படியாத ஒருவன் கத்தியை எடுத்து அறுவை செய்தால் போலி மருத்துவன் என்று பிடித்துச் சிறையிலே தள்ளுகிறோம். அதே ஆள் ஐம்பது பிள்ளைகளை உச்சி வெயிலிலே ஓடவிட்டு, மூட்டு தேய, மூச்சு முட்டச் செய்தால், கண்டிப்பான மாஸ்டர் என்று கைதட்டுகிறோம்! எலும்பு எந்த வயதில் எவ்வளவு பளுவைத் தாங்கும், களைத்த தசை எவ்வளவு நேரத்தில் மீளும், தோற்றுப்போன பையனின் உள்ளத்தை எப்படித் தூக்கி நிறுத்துவது — இவையெல்லாம் கற்றறிய வேண்டியவை. ஓடத் தெரிந்தவனுக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தெரிந்துவிடாது.

கூடைப்பந்தின் பிறப்பே இதற்குச் சான்று. தெருவிலே தானாக முளைத்த ஆட்டமன்று அது. பயிற்சியாளர்களைப் பயிற்றுவித்த வகுப்பிலே கொடுக்கப்பட்ட வீட்டுப்பாடம்!

ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்பயிற்சித் துறைக்குத் தலைவர் லூதர் குலிக். நெய்ஸ்மித்தைவிட வயதில் இளையவர். அவர் நடத்திய மனவியல் வகுப்பிலே பேச்சு எழுந்தது. பனிக்காலத்தில் வெளியே ஆட முடிவதில்லை. கூடத்துக்குள்ளே பஸ்கியும் தண்டாலும் அணிநடையும் செய்யச் சொன்னால் இளைஞர்கள் அலுத்துப்போகிறார்கள். உள்ளே ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை ஒவ்வொருவரும் எண்ணி வாருங்கள் என்று குலிக் சொல்லியனுப்பினார். அடுத்த வகுப்புக்கு அத்தனைபேரும் வெறுங்கையோடு வந்தார்கள்!

அந்தப் பள்ளியிலே ஒரு பொல்லாத வகுப்பு இருந்தது. செயலாளர் பயிற்சிக்கு வந்த பதினெட்டுப்பேர். எந்த உடற்பயிற்சிக்கும் வளைந்துகொடுக்காதவர்கள். இரண்டு ஆசிரியர்கள் முயன்று தோற்றுக் கைகழுவிவிட்டார்கள். குற்றம் அந்த மாணவர்களிடம் இல்லை, நாம் தரும் பயிற்சியிலேதான் இருக்கிறது என்று நெய்ஸ்மித் வாதாடினார். அப்படியானால் நீரே அந்த வகுப்பை ஏற்று நடத்தும் என்று குலிக் அவர் தலையிலே கட்டிவிட்டார். வாதத்தில் வென்றவருக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்!

தந்த கெடு இரண்டு வாரம். கால்பந்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்து பார்த்தார்; ஆளுக்கு ஆள் மோதிக் காயம். வேறு ஆட்டங்களும் பலிக்கவில்லை. பிறகுதான் ஆட்டங்களைப் பிரித்துப் பிரித்து ஆராயத் தொடங்கினார், பொறியைக் கழற்றிப் பார்க்கும் தொழிலாளியைப்போல. மோதல் எதனால் வருகிறது? பந்தை ஏந்திக்கொண்டு ஒருவன் ஓடுவதால், அவனை மற்றவன் பிடித்துத் தள்ளவேண்டி வருகிறது. சரி, பந்தோடு ஓடக்கூடாது என்று விதி செய்தால்? இலக்கு எதிரே இருந்தால் வேகமாக வீசுவான், அடிபடும். இலக்கைத் தலைக்கு மேலே, படுக்கை வாட்டத்திலே வைத்தால் பந்தை வளைத்து மெதுவாக எறிந்துதானே ஆகவேண்டும்! சிற்றூரில் சிறுவனாக இருந்தபோது, பாறைமீது வைத்த கல்லைக் குறிபார்த்து எறிந்து விளையாடிய நினைவு அவருக்குக் கைகொடுத்தது. அந்த ஆட்டத்திலும் வேகமாக எறிந்தவன் ஓடிச் சளைப்பான். வளைத்து எறிந்தவனே வெல்வான்.

1891 டிசம்பர் 21. கட்டடக் காவல்காரரிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி கிடைக்கவில்லை; பீச் பழம் போட்டுவைக்கும் இரண்டு கூடைகள் கிடைத்தன. மாடத்துக் கைப்பிடியில், பத்தடி உயரத்தில், ஆணியடித்து மாட்டினார். பதின்மூன்று விதிகளைத் தட்டச்சுச் செய்து பலகையில் ஒட்டினார். பதினெட்டுப்பேர் இருந்ததால் பக்கத்துக்கு ஒன்பதுபேர். அன்று விழுந்தது ஒரே ஒரு கூடைதான்! இன்றைக்கு உலகெங்கும் ஆட்டக் கூடைகள் தொங்குவது அதே பத்தடி உயரத்தில்தான்.

அந்தப் பதினெட்டுப்பேரில் ஜப்பான் நாட்டு இஷிகாவாவும் ஒருவர். படித்து முடித்தவர்கள் போன இடமெல்லாம் ஆட்டமும் போயிற்று. சென்னைக்கும் அந்தப் பள்ளியின் ஒளி வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நாம் விசிலையும் பிரம்பையும் மட்டுமே கண்ட டிரில் மாஸ்டர்களிலே பலர், அந்தக் கல்லூரியிலே உடற்கூறும் உடலியலும் கற்று வந்தவர்கள். அதை அப்போது நமக்கு எவரும் சொல்லவில்லை.

நெய்ஸ்மித் அத்தோடு படிப்பை முடித்தாரில்லை. டென்வர் நகரில் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்து 1898-இல் மருத்துவரானார். மருந்துக்கடை வைத்துப் பொருளீட்டினாரா? இல்லை. அந்த ஆண்டே கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு உடற்பயிற்சி ஆசிரியராகப் போய், 1937-இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே பாடம் சொன்னார்.

வேடிக்கை ஒன்று உண்டு. ஆட்டத்தை உண்டாக்கியவரே பயிற்சியாளராக நின்ற கான்சாஸ் அணி, 55 ஆட்டத்தில் வென்று 60 ஆட்டத்தில் தோற்றது! வெற்றி கணக்கிலே அவருக்கு நாட்டமில்லை. கூடைப்பந்தை ஆடினால் போதும், அதற்குத் தனியே பயிற்சி எதற்கு என்பது அவர் எண்ணம். இதிலே நாம் அவரோடு உடன்படவில்லை. அவரது மாணவர் ஃபாரெஸ்ட் ஆலனும் உடன்படவில்லை. ஆலன் அதே கான்சாஸில் பயிற்சியாளராகி, பயிற்சியை ஒரு தொழிற்கலையாக்கி, 1927-இல் கூடைப்பந்துப் பயிற்சியாளர் சங்கத்துக்கு முதல் தலைவருமானார். அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப், டீன் ஸ்மித் இருவரும் பின்னாளில் பெரும் பயிற்சியாளரானார்கள். பயிற்சியே தேவையில்லை என்றவரின் கொடிவழியிலே நாடு போற்றும் பயிற்சியாளர்கள்!

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றது. கிழவரை அனுப்பிவைக்கப் பயிற்சியாளர்களும் ஆட்டக்காரர்களும் சிறுதொகை சேர்த்தார்கள். தன் பெயரால் உலகம் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க வழிச்செலவுக்கு வசூல்! கொட்டும் மழையில், சேற்றிலே நடந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 19, கனடா 8. பிறந்த நாடும் புகுந்த நாடும் மோதியதைப் பார்த்தார். அவர் ஒட்டிய அந்த விதித்தாள் 2010-இல் ஏலத்தில் 43 இலட்சம் டாலருக்குமேல் விலைபோயிற்று.

இப்போது குளத்தங்கரைக்குத் திரும்புவோம்.

மெக்லெண்டனின் தந்தை மகனைக் கொண்டுவந்து விட்டபோது, நெய்ஸ்மித்தைத் தேடிப்போ, அவரே உனக்கு வழிகாட்டும் ஆசிரியர் என்று சொல் எனச் சொல்லிப் போனார். பையனும் அப்படியே போய்ச் சொன்னான்! கிழவர் சிரித்து ஏற்றுக்கொண்டார். வகுப்பறைக் கதவு திறந்தது. ஆடுகளத்தின் கதவு? அது திறக்கவில்லை. கூடைப்பந்தைப் படிக்கலாம்; கான்சாஸ் அணியிலே சேர்ந்து ஆடக்கூடாது. 1951 வரை அந்த அணியிலே கறுப்பினத்தார் ஒருவர்கூட இடம்பெறவில்லை. அந்தப் பூட்டை நெய்ஸ்மித் உடைக்கவில்லை. அதை மறைத்துவிட்டு அவர் புகழ் பாடுவது நமக்கு வேண்டாம். அவர் செய்தது வேறு. ஆடமுடியாத பையனுக்கு, ஆட்டத்தை ஆட்டிவைக்கும் அறிவை முழுதும் அள்ளிக் கொடுத்தார். பந்து போகுமிடமெல்லாம் ஆட்டம். களம் முழுதும் ஓடு, களம் முழுதும் மறி என்ற பாடத்தை அவரிடம் கற்றதாக மெக்லெண்டன் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1936-இல் பட்டம். கான்சாஸில் உடற்பயிற்சித் துறையிலே பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவரே. அதோடு நின்றுவிடாதே, மேற்படிப்புப் படி என்று ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு வழிசெய்தார் நெய்ஸ்மித். அங்கே மெக்லெண்டன் முதுகலைப் பட்டமும் பெற்றார். ஆடுகளத்திலே கால்வைக்க விடாத நாடு, அந்த ஆட்டத்திலே அவரை முதுகலைஞராக்கி அனுப்பியது!

1939 நவம்பர் 28 அன்று, லாரன்ஸ் நகரிலேயே, 78-ஆவது வயதில் நெய்ஸ்மித் மறைந்தார். மாணவரோ டர்ஹாம் நகரில் கறுப்பினத்தார்க்கென இருந்த வட கரோலினாக் கல்லூரியில் பயிற்சியாளர். பின்னர் டென்னசி நாட்டுக் கல்லூரி ஒன்றுக்குப் போய் 1957, 1958, 1959 என்று மூன்றாண்டு தொடர்ந்து தேசியப் பட்டம் வென்று காட்டினார். 1961-இல் தொழில்முறை அணியொன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். நெய்ஸ்மித் பெயர் தாங்கிய புகழ் மண்டபத்தில் 1979-இல் அவர் பெயர் ஏறியது. பயிற்சியாளர் என்ற முறையில் மீண்டும் ஏறியதோ 2016-இல். அவர் இறந்து பதினேழு ஆண்டு கழித்து!

ஆனால் நாம் சொல்ல விரும்புவது அந்தப் பட்டங்களை அன்று. 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம். டர்ஹாம் நகரின் டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி வெள்ளை மாணவர் அணி, சுற்றுவழியாக, ஒளிந்து ஒளிந்து, மெக்லெண்டனின் கல்லூரிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடுவது அங்கே சட்டத்துக்கு விரோதம். கதவுகளைப் பூட்டினார்கள். ஆட்டம் தொடங்கிற்று. மெக்லெண்டனின் பிள்ளைகள் 88, எதிரிகள் 44.

ஆட்டம் முடிந்தது. ஆனால் எவரும் கலைந்து போகவில்லை. இரு அணியையும் கலந்து, கறுப்பும் வெள்ளையுமாகப் பிரித்து, இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. ஐம்பது ஆண்டுக்குமேல், 1996 வரை, அந்தப் பூட்டிய கூடத்துக்குள்ளே நடந்தது வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது.