மீதி இரண்டு வரிகள்

ஐந்தாம் வகுப்பில் மனனம் செய்த கட்டுரை ஒன்று எனக்கு இன்னும் பாடம். அதில் நான் முத்திரை சேகரிக்கிறேன். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டில் ஒரு முத்திரைகூட இருந்ததில்லை. ஆனாலும் நல்ல புள்ளி கிடைத்தது. பிறகொரு நாள், வாப்பாவின் வள்ளம் களப்பில் காற்றில் அகப்பட்ட இரவைப் பற்றி நானே எழுதிக் கொண்டுபோனேன். யார் எழுதித் தந்தது என்று கேட்டார்கள்.

அதனால்தான் ரவீந்திரநாத் தாகூரின் சிறுவயதை வாசித்தபோது அவர் எனக்கு நெருங்கியவராகிவிட்டார்.

1861இல் கல்கத்தாவில், ஜோராசங்கோ என்ற பெரிய வீட்டில் பிறந்தவர் அவர். எந்தப் பாடசாலையிலும் அவருக்குத் தரிப்பில்லை. ஏழெட்டு வயதில் உறவினர் ஒருவர் யாப்பைக் காட்டிக்கொடுக்க, கவிதை எழுதத் தொடங்கினார். நோர்மல் பாடசாலையில் சாத்கரி தத்தர் என்ற ஆசிரியருக்கு இது தெரியவந்தது. அவர் புகழவுமில்லை, ஏசவுமில்லை. இடைக்கிடை இரண்டு வரிகளைத் தானே சொல்லி, மீதி இரண்டை எழுதிவரச் சொன்னார். அவ்வளவுதான்.

அங்கேயே கோவிந்தபாபு என்ற கண்டிப்பானவரும் இருந்தார். நல்லொழுக்கம் பற்றி ஒரு கவிதை எழுதிவரும்படி கட்டளையிட்டு, மறுநாள் மேல்வகுப்பு மாணவர் முன்னால் வாசிக்க வைத்தார். அவர் நோக்கமும் நல்லதுதான். ஆனால் மாணவர்கள் அது களவெடுத்த கவிதை என்றார்கள். அந்தக் கவிதை தொலைந்துபோனதே நல்லது என்று பிற்காலத்தில் தாகூரே கேலியாக எழுதினார்.

இளைஞரான பிறகு அவர் சிலேட்டில் எழுதிப் பார்த்தார். கொப்பி என்றால் சிறப்பாக எழுத வேண்டும் என்ற பயம். சிலேட்டிலோ கையால் ஒருமுறை துடைத்தால் எல்லாம் போய்விடும். பயம் போனதும் அவருடைய சொந்தக் குரல் வந்தது.

1901இல் சாந்திநிகேதனில் ஐந்து பிள்ளைகளோடு அவர் பாடசாலை தொடங்கியபோது வகுப்புகள் மரநிழலில் நடந்தன. பிள்ளைகள் கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினார்கள். இலக்கியக் கூட்டங்களில் தாங்கள் எழுதியதைத் தாங்களே வாசித்தார்கள். 1913இல் நோபல் பரிசு கிடைத்த பிறகும் அவர் அந்தப் பாடசாலையை விடவில்லை. 1934இல் நம் நாட்டுக்கு வந்து, ஹொரணையில் ஸ்ரீபாளி கல்லூரிக்கு அடிக்கல்லும் நட்டார். 1941இல் காலமானார்.

போன வாரம் தங்கச்சிக்குக் களப்பைப் பற்றி இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். கட்டுரைக் கொப்பியில் அல்ல, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில். வலையில் மீனுக்குப் பதிலாக ஒற்றைச் செருப்பு வந்ததாக அவள் மீதியை எழுதினாள். எதுகை இல்லை, எழுத்துப் பிழை இரண்டு. உம்மா வாசித்துவிட்டு, அந்தச் செருப்பு யாருடையது என்று அவளிடம் கேட்டா. அவள் மறுபடி பேனையை எடுத்தாள்.