வாலை நறுக்கிய பேராசிரியர்

நம் பார்க்கிங்கில் நிற்கும் கார்களைப் பின்பக்கமாக ஒரு முறை பாருங்கள். சிலவற்றில் கூரை மெல்லச் சரிந்து வந்து, கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று முடிந்திருக்கும். அந்த வெட்டுக்கு ஒருவர் பெயரே நிலைத்துவிட்டது: வூனிபால்ட் காம்.

1893-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்த இவர், ஜெர்மனியில் பொறியாளரானார். 1930-ல் ஸ்டுட்கார்ட்டில் பேராசிரியராகி, வாகன ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கினார். முழு அளவு காரையே உள்ளே நிறுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கமும் அங்கே எழுந்தது.

காரின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். தடையைக் குறைக்க நீர்த்துளி வடிவமே சிறந்தது என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான். ஆனால் அதன் வால் மிக நீளம். அப்படி ஒரு காரை எங்கே நிறுத்துவது, எப்படித் திருப்புவது?

வாலை முழுதாக நீட்ட வேண்டியதில்லை என்பதே காம் குழுவினர் கண்ட விடை. கூரையை மெல்லச் சரித்து, காற்று உடலை விட்டுப் பிரிவதற்கு முன்பே நேராக வெட்டிவிட்டால் போதும். பின்னால் எழும் சுழல் சிறிதாகவே இருக்கும். நீளமும் மிச்சம், பலனும் பெரும்பாலும் கிடைக்கும்.

இந்த யோசனையில் ரைன்ஹார்ட் ஃபான் கோனிக்-ஃபாக்சன்ஃபெல்டு என்ற பொறியாளருக்கும் பெரும் பங்குண்டு. வெட்டிய வாலுக்குக் காப்புரிமை பெற்றவர் அவரே. ஆனாலும் உலகம் அதைக் 'காம் வால்' என்றே அழைக்கிறது. உழைப்பு பலருடையது, பெயர் ஒருவருடையது!

1940-ல் இத்தாலியின் மில்லே மிக்லியா பந்தயத்தில் காம் வடிவில் அமைந்த பி.எம்.டபிள்யூ கார் ஓடியது, பந்தயத்தை முடிக்கவில்லை. வென்றது அதே நிறுவனத்தின் வேறொரு கார். போருக்குப் பின் காம் அமெரிக்கா சென்று பணியாற்றினார். பிறகு ஜெர்மனி திரும்பி, 1966-ல் காலமானார்.

அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து வந்த டொயோட்டா பிரியஸ் போன்ற சிக்கனக் கார்களிலும் அதே வெட்டு வாலைக் காணலாம்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஊருக்குப் போய் வந்ததும் கூரை மேலுள்ள கேரியரைக் கழற்றி வையுங்கள். நெடுஞ்சாலையில் அதுவும் காற்றை மறிக்கும். அதற்கான எரிபொருள் செலவு நம் பையிலிருந்துதான் போகும்.