அந்த இரவில் கதவைத் தட்டிய மூன்று கணவர்கள்

பெரிய நோய் என்றால், மதுரைக்கு அடுத்து நம் ஆர்.எஸ்.மங்கலம், தொண்டி பக்கத்து மக்களின் நாவில் வருவது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பெயர்தான். அந்த மருத்துவமனை உருவானதற்குப் பின்னால் ஒரு முஸ்லிம் பெண்ணின் மரணமும் இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

அதை நிறுவிய ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரி குடும்பம். தாத்தாவும் தந்தையும் டாக்டர்கள். ஆனால் சிறு வயதில் பார்த்த பஞ்சமும் பசியும் ஐடாவின் மனதில் இந்த நாட்டை விட்டுப் போய்விடும் எண்ணத்தையே விதைத்திருந்தன. 1890களில், உடல்நலம் குன்றிய தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தபோதும் விரைவில் அமெரிக்கா திரும்பிவிடும் முடிவில்தான் இருந்தார்.

ஓர் இரவு பிராமணர் ஒருவர் கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடா தனக்கு மருத்துவம் தெரியாது என்றும், டாக்டரான தந்தையை அழைத்துப் போகலாம் என்றும் சொன்னார். அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்ப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை, திரும்பிப் போனார். அடுத்து வந்தவர் ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக வந்த இன்னொரு இந்துவும் அப்படியே திரும்பினார். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

அன்றோடு ஐடாவின் திட்டம் மாறியது. அமெரிக்கா சென்றார், திரும்பி வருவதற்காக. 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூர் வந்தார். அதே ஆண்டு தந்தை இறந்துபோனார். வீட்டின் ஒரு சிறிய அறையில் தனியாக வைத்தியத்தைத் தொடங்கினார். 1902-இல் பெண்களுக்காக 40 படுக்கைகளுடன் மருத்துவமனை திறந்தார். ஒரு டாக்டரால் எத்தனை வீடுகளுக்கு ஓட முடியும்? பெண்களே டாக்டராக வேண்டும் என்று 1918-இல் மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். எழுபது வயதைக் கடந்த பிறகும் அதைக் கல்லூரியாக உயர்த்த அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

திண்டிவனத்து சகோதரர் பேணுதல் உள்ளவர். ஆனால் மார்க்கம் அவருக்குத் தந்த சலுகையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெண்ணுக்கு வைத்தியம் செய்ய முதலில் முஸ்லிம் பெண் டாக்டர், இல்லையேல் மற்ற பெண் டாக்டர், அவரும் இல்லையேல் ஆண் டாக்டர் என்று ஃபிக்ஹு நூல்கள் வரிசையே தருகின்றன. நிர்ப்பந்தத்தில், தேவையான அளவுக்கு அனுமதி உண்டு. பிரசவத்தில் மவுத்தாகும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று நாம் ஆறுதல் சொல்கிறோம். அது அவளுக்கான நற்செய்தி. தாமதித்தவர்கள் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

இன்று அந்நிய ஆண் என்ற தயக்கம் குறைந்துவிட்டது. தாமதம் குறையவில்லை. மாதம் நிறையும் முன்பே பனிக்குடம் உடைந்து நீர் போனால், வலி வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்கும் வீடுகள் உண்டு. மாதம் நிறைந்து நீர் உடைந்தால் பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் வலி வந்துவிடும். 37 வாரத்துக்கு முன்பு உடைந்தால் அந்தக் கணக்கு நிற்காது. சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்குச் சில நாட்கள், சிலருக்கு வாரக் கணக்கு. எத்தனை வாரக் கர்ப்பம், எவ்வளவு நீர் மிச்சம், கருப்பையின் வாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, கிருமித் தொற்று உண்டா என்று பார்த்தே டாக்டர் ஓர் உத்தேசம் சொல்கிறார். அது மறைவான ஞானத்தில் கைவைப்பதல்ல. மேகத்தைப் பார்த்து நெல்லை மூடுவது போன்ற ஏற்பாடு. குழந்தையின் நுரையீரலை வலுப்படுத்தும் ஊசி முழுப் பலன் தர ஒரு நாளுக்கு மேல் ஆகும். கிருமி ஏறாமலிருக்கவும் மருந்து தர வேண்டும். வலிக்காக வீட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இதிலிருந்துதான் கழிகிறது. நீர் கசிகிறதா என்ற சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயாவாக எழுதினார்கள். ஊரில் யாருமே அதைச் செய்யாவிட்டால் ஊர் முழுதும் குற்றவாளி. மூன்று பெண்களின் மரணத்துக்குத் தன்னைப் பொறுப்பாக்கிக் கொண்டவர் நம் மார்க்கத்தைச் சேராத ஓர் இளம்பெண். நம் பெண் மக்களில் எத்தனை பேரை அந்தப் படிப்புக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் எண்ணிப் பார்க்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.