வெடி வைத்த கூஸ்தோவும் எங்கட முருகைக்கல்லும்

சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஜாக்-ஈவ் கூஸ்தோவை பிரான்சில் படிக்கிற எங்கட பிள்ளையளுக்குத் தெரிந்திருக்கும். எத்தனையோ பாடசாலைகளுக்கும் வீதிகளுக்கும் அவருடைய பெயர்தான். ஒபர்வில்லியேயிலும் லாச்சப்பலிலும் இருந்து விடுமுறைக்கு நிலாவெளி போய், புறாமலைக் கடலில் சுழியோடிவிட்டு வருகிறவர்கள் அவருடைய கதையை ஒருமுறை முழுசாகக் கேட்கவேணும்.

1910 இல் பொர்தோவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். கடற்படையில் சேர்ந்து விமானியாக வர ஆசைப்பட்டார். 1936 இல் கார் விபத்தில் கை முறிந்து அந்தக் கனவு போயிற்று. கைக்குப் பலம் வரட்டும் என்று துலோன் கடலில் நீந்தத் தொடங்கினார். நண்பர் ஒருவர் கொடுத்த நீச்சல் கண்ணாடியோடு தண்ணீருக்குள் பார்த்ததுதான் தாமதம், கடல் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் மூச்சு? மன்னாரில் முத்துக் குளித்தவர்கள் கல்லின் பாரத்தில் இறங்கி, ஒரே மூச்சில் மேலே வந்தார்கள். உலோகத் தலைக்கவசம் போட்டவர்கள் மேலிருந்து வரும் காற்றுக் குழாயோடு கட்டுப்பட்டுக் கிடந்தார்கள்.

வழி பரிஸில் கிடைத்தது. 1942 டிசெம்பர், ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலம். பெற்றோல் தட்டுப்பாட்டால் கார்களை எரிவாயுவில் ஓட்ட ஒரு வால்வு செய்திருந்தார் பொறியியலாளர் எமில் கானியன். கூஸ்தோவின் மாமனார் இருந்த ஏர் லிக்கிட் நிறுவனத்தில்தான் அவருக்கும் வேலை. மூச்சை இழுக்கும்போது மட்டும், ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்றபடி காற்றுத் தரும் கருவியாக இருவரும் அதை மாற்றினார்கள். பரிஸுக்குப் பக்கத்து மார்ன் ஆற்றில் செய்த முதல் சோதனை சரிவரவில்லை. திருத்திய கருவி 1943 கோடையில் மத்தியதரைக் கடலில் வேலை செய்தது.

அந்தக் கருவியால் எங்களுக்கும் ஒரு நன்மை வந்தது. 1956 இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் திருகோணமலையில் காற்றுச் சிலிண்டரோடு சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியில் கண்டார்கள்.

அதே 1956 இல் கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த 'மௌன உலகம்' படம் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. இன்று அதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். மீன்களைக் கணக்கெடுக்க முருகைக்கல்லில் டைனமைட் வைக்கிறார்கள். சுறாக்களை அடித்துக் கொல்கிறார்கள். அப்போது கடல் வற்றாத களஞ்சியம் என்ற நினைப்பு.

கூஸ்தோ அங்கேயே நின்றுவிடவில்லை. 1960 இல் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டத்தை எதிர்த்து நின்றார். 1973 இல் கடலைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். 1979 இல் மகன் பிலிப் விமான விபத்தில் இறந்த பிறகும் ஓயவில்லை. அந்தாட்டிக்காவில் சுரங்கம் தோண்டக்கூடாது என்று கையெழுத்துத் திரட்டினார். 1991 இல் மட்ரிட்டில் அதற்குத் தடை ஒப்பந்தமாயிற்று. 1997 ஜூன் 25 இல், 87 வயதில், பரிஸில் காலமானார்.

கூஸ்தோ கைவிட்ட வெடி எங்கட கடலில் இன்னும் கேட்கிறது. சட்டம் தடுத்தும் திருகோணமலைப் பக்கம் டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறார்கள். செத்த மீனில் பல அள்ளாமலே போகும், குஞ்சும் மிஞ்சாது. பெரிய முருகைக்கல் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். நூறு வருடம் வளர்ந்ததை ஒரு வெடி நொடியில் நொறுக்கிவிடும். சுற்றுலாவுக்குப் போய் அதன்மேல் ஏறி நிற்கிற எங்கட கால்களும் சேதம் செய்கின்றன.

ஊர்க் கடல் எங்கட சொத்து என்று இங்கே இருந்து பெருமையாகச் சொல்கிறோம். இந்தக் கோடையில் போகிற பிள்ளையளுக்கு இரண்டு விசயம் சொல்லி அனுப்புங்கோ: கல்லில் மிதியாதேங்கோ, வெடி போட்ட மீனை வாங்காதேங்கோ. அது மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.